படகைப் பூட்டி வைத்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் மன்னார் பஸ் நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள்தான் அழைத்தாள். "அம்மா போயிட்டா மாமா" என்றாள். "இன்னாலில்லாஹி" என்று வாய் தானாகச் சொன்னது. குடித்தது பாதி, வைத்தது பாதியாகப் பேசாலை பஸ்ஸில் ஏறினேன். வழியில் அழுகை வந்தது. நடுநடுவே சிரிப்பும் வந்தது. ஒன்றியத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு இது விளங்கும்.

இரண்டு ஊரையும் சேர்த்து மீனவர் ஒன்றியம் தொடங்கியபோது பேசாலைக்கு அவர் செயலாளர், தாராபுரத்துக்கு நான். அவர் என்னை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து நானா என்பார், நான் அவரை அக்கா என்பேன். இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவருமே வாய் திறக்கவில்லை.

ஒன்றியக் கடிதங்களை எல்லோரும் அவரவர் போனிலேயே திறந்து திருத்தும்படி பகிர்ந்து வைத்திருந்தோம். மேலே எங்கள் சின்னம், துடுப்பு இரண்டு வைத்த படகு. ஒருமுறை இறங்குதுறையைத் திருத்தித் தரக் கேட்டுக் கடிதம் எழுதினோம். மடு மாதா கோயில் திருவிழாக் காலம். போகிற காரியம் நல்லபடி முடியட்டும் என்று பேசாலைக்காரர் ஒருவர் படகைத் தள்ளிவிட்டு மாதா படத்தை வைத்தார். அதைக் கண்ட எங்கள் ஊர் ஆள் ஒருவர் பக்கத்திலேயே பிறையை வைத்தார். படகு அடுத்த பக்கத்துக்கு ஓடி, எங்கள் கையொப்பங்களின்மேல் ஏறி நின்றது. கவனிக்காமல் அப்படியே அனுப்பிவிட்டோம். கடற்றொழில் கந்தோரில் "இது எந்தச் சங்கம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு ஊரும் முறுக்கிக்கொண்டன. ஒன்றியத்தைப் பிரித்துவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு வந்தது. அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆரிலயும் பிழையில்லை நானா. பக்தி கூடிப்போச்சு, பூட்டுப் போட மறந்துபோனம்."

அன்றே கணினியில் உட்கார்ந்து, படகைத் தாளின் தலைப்பகுதிக்கு ஏற்றினார். கடிதம் எழுதும் இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்றதையெல்லாம் கடவுச்சொல் போட்டுப் பூட்டப் போனார். அங்கேயும் சண்டை. "கடவுச்சொல்லு அவவிட்ட இருந்தா ஒன்றியமும் அவவின்ரயோ?" என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா கோபிக்கவில்லை. "கோயில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு பேரிட்டத் திறப்பு. ஒராள் தனியத் திறக்கேலாது. இதையும் அப்பிடிச் செய்வம், வாங்கோ" என்றார்.

அதன்படி கடவுச்சொல்லின் முன்பாதியை அவர் அடித்தார், பின்பாதியை நான் அடித்தேன். அவர் அடிக்கும்போது நான் கூரையைப் பார்க்க வேண்டும். நான் அடிக்கும்போது அவர் கண்ணைப் பொத்திக்கொள்வார். உறுதிப்படுத்த மறுபடி அடிக்கச் சொல்லிக் கணினி கேட்டது. மறுபடியும் கூரை, மறுபடியும் கண்பொத்தல். சுற்றி நின்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஊர்க்காரரும் சிரித்துவிட்டார்கள். கடிதம் இந்த முறை திரும்பி வரவில்லை. பிறகு சின்னத்தில் எதை மாற்றுவதென்றாலும் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார வேண்டும். வேலை ஐந்து நிமிடம், கதை ஒரு மணித்தியாலம். அந்த மணித்தியாலங்களை நான் எவ்வளவு விரும்பினேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மகள் ஒட்டிய உறை ஒன்றைத் தந்தாள். "அம்மா தன்ர பாதியை எழுதி வைச்சவ. உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவ."

முழுப் பூட்டும் என் கையில். தன் ஊரில் இத்தனை பேர் இருக்க, ஒரு காலத்தில் தன்னைச் சந்தேகப்பட்ட ஊர்க்காரனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கேயே நின்று அழுதேன்.

பேசாலை புதிய செயலாளரைத் தெரிந்தெடுத்த அன்று உறையை அவரிடம் கொடுத்தேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

நான் பார்க்க மாட்டேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான்.