பூரணியின் இரண்டாவது பந்து

பூரணிக்கு எந்தக் கை பழக்கமான கை என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் கிள்ளுவாள். கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் வீசுவாள். முதுகில் தொங்கும் கூடையில் கொழுந்து சரியாகப் போய் விழும். இந்தக் கைகளை வைத்துக்கொண்டுதான் அவள் டெனிஸ் ஆடினாள். பந்து வலப்பக்கம் வந்தால் மட்டை வலது கையில், இடப்பக்கம் வந்தால் இடது கையில். எதிரே நிற்கிறவர்களுக்கு இரண்டு பேரோடு ஆடுகிற மாதிரி இருக்கும்.

கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பங்களாவுக்குக் கீழே பழைய டெனிஸ் மைதானம் ஒன்று இருக்கிறது. சில வருசத்துக்கு முன் அங்கே புல் வெட்ட அவளை அனுப்பினார்கள். வெட்டி முடித்தவள் கிடங்கில் கிடந்த மட்டையை எடுத்துச் சுவரில் பந்தடித்துப் பார்த்தாள். அன்று பிடித்த பைத்தியம். சுவர் சலித்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். என் தொப்பை அந்த மைதானத்தில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முப்பத்தாறு வயதில், இந்தச் சித்திரையில், அவளுக்கு எல்லாமே கூடி வந்தது. ஹட்டனில் ஒரு கோப்பை, தலவாக்கலையில் ஒரு கோப்பை. அடுத்தது நுவரெலியாவில் பெரிய போட்டி. அந்த நேரம் பார்த்து, தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை, மைதானத்தில் தேயிலைக் கன்று வளர்க்கப் போவதாக அறிவித்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் பூரணி அவரிடம் கேட்டாள்.

"நுவரெலியாவுல ஜெயிச்சிட்டு வந்தா மைதானத்த விட்டுருவீங்களா ஐயா?"

"ஜெயிச்சிட்டு வா. நான் அதுல கை வைக்க மாட்டேன்" என்றார்.

எப்படியும் தோற்கத்தான் போகிறாள் என்ற தைரியத்தில் வந்த தாராளம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நுவரெலியா இறுதி ஆட்டத்தில் எதிரே தனுஷிகா. கொழும்பில் பயிற்சி எடுத்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஒரு பை நிறைய மட்டை கொண்டுவந்திருந்தாள். பூரணியிடம் ஒன்றே ஒன்று. துரையும் வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் செட் பூரணிக்கு. இரண்டாவதில்தான் வினை வந்தது. சேர்வ் போட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவர் கையில் இரண்டு பந்து வைத்திருப்பார். முதல் பந்தே சரியாக விழுந்தால் மற்றதைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பூரணி போட்டிருந்தது மகளின் பழைய விளையாட்டு உடுப்பு. அதில் பை கிடையாது. ஆடவோ இரண்டு கையும் வேண்டும். எனவே மீதிப் பந்தை, கொழுந்து வீசுகிற மாதிரி, தோளுக்கு மேலே பின்னால் வீசிவிட்டாள். வீசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்திலும் மற்றப் போட்டிகளிலும் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. இங்கே நடுவர் அம்மா கறார். ஆட்டம் நடக்கையில் வேறு பந்து தரையில் உருளக் கூடாதாம். முதல் செட் முடிந்ததும் ஒருதரம் எச்சரித்தார். பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் புள்ளி தனுஷிகாவுக்குப் போனது. செட்டும் போனது.

"ஒத்தப் பந்தோட போடு தங்கச்சி" என்றேன்.

"இன்னொரு பந்து கையில இல்லாட்டி மேல தூக்கிப் போடவே வரலண்ணே."

போட்டும் காட்டினாள். பந்து பூச்செடிக்குள் போனது.

மூன்றாவது செட்டில், தன் சேர்வ் வரும்போதெல்லாம், மீதிப் பந்தை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு மற்றக் கையால் மட்டும் ஆடினாள். பாதிப் பூரணி. அப்படியும் மூச்சிரைக்க ஓடி ஓடி ஐந்துக்கு ஐந்து, பிறகு ஆறுக்கு ஐந்து என்று முன்னால் வந்துவிட்டாள். இனி அவள் சேர்வ். இதை எடுத்தால் மைதானம் எங்களுக்கு.

பக்கம் மாறும் இடைவேளையில் என்னிடம் வந்தவள் என் கழுத்தில் கிடந்த துவாய்த் துண்டை உருவினாள். இரண்டு முனையையும் இடுப்பில் முன்னால் முடிந்து, முதுகுப்பக்கம் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டாள். பெட்ரோல் நாற்றமடிக்கிற துவாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நடுவர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இன்னொருவரைக் கூப்பிட்டுப் பேசினார். கடைசியில், பந்து கீழே விழாதவரை தடையில்லை என்றார்.

பூரணி சேர்வ் போட்டாள். மீதிப் பந்தைப் பார்க்காமல் பின்னால் வீசினாள். தொப்பென்று துவாய்க்குள் விழுந்தது. சனம் சிரித்தது. தனுஷிகாவும் சிரித்தாள், சிரித்ததில் பந்தைத் தவறவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. விட்டுக்கொடுக்காமல் அடித்தாள். சமநிலை, மறுபடி சமநிலை, மறுபடியும்.

கடைசிப் புள்ளி. மீதிப் பந்து துவாய்க்குள். தனுஷிகா அவளை வலமும் இடமுமாக அலைக்கழித்தாள். துவாயின் முடிச்சு இளகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. முனியாண்டி சாமியைக் கூப்பிட்டேன். இடது மூலைக்கு வந்த பந்தைப் பூரணி ஓடி எட்டி, மட்டையை இடது கைக்கு மாற்றி, கோட்டோரமாக ஒரே அடி. தனுஷிகா ஓடிப்போய்ப் பார்த்தாள், எட்டவில்லை. முடிச்சு அதற்குப் பிறகுதான் அவிழ்ந்தது. நான் அழுதுவிட்டேன். அதிலென்ன, அழவேண்டிய இடம்தானே.

தனுஷிகா வலைக்கு மேலாக எட்டி அவளைக் கட்டிக்கொண்டாள். துரை எழுந்து வந்து, கன்றுக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். முகம் தொங்கித்தான் இருந்தது, ஆனாலும் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

திரும்பி வரும்போது பூரணி கோப்பையை ஆட்டோவின் பின்சீட்டில் போட்டுவிட்டு, சுருட்டிய துவாயை மடியில் வைத்திருந்தாள். உள்ளே ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தால், அந்த இரண்டாவது பந்து.

"திருப்பிக் குடுக்கலயா?" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணே" என்றாள். "நாளைக்கு நம்ம மைதானத்துக்குப் பந்து வேணாமா?"