அறுபது பேரும் பாஸ்

சின்னவளுக்குச் சந்தேகம் என்பது அவ்வளவு லேசில் வராது. நிரம்பி வழிகிற பஸ்ஸிலும் தனக்கு உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் ஏறுவாள். பதினைந்து வயதில், வீட்டில் கஷ்டம் என்று யாரையும் கேட்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அக்கா வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையில் நூல் வெட்டப் போய் உட்கார்ந்ததும் அதே துணிச்சலில்தான். ஒரு வருடம் வெட்டினாள். பதினெட்டு வயது மூத்தவளான அக்கா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் வகுப்பில் உட்கார வைத்தாள். அந்த ஒரு வருடத்துக்காக அக்கா அவளை இன்னும் மன்னித்தபாடில்லை.

இப்போது இருபத்தைந்து வயது. ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் கண் பரிசோதனைப் படிப்பு, கடைசி வருடம். விடுதியில் தங்கியிருக்கிறாள். அந்த அறக்கட்டளையில் ஒரு ஏற்பாடு உண்டு. உதவித்தொகை வாங்குகிற மாணவர்கள் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து நாலு பேருக்கு உபயோகமாக ஒரு வேலை செய்ய முன்வந்தால், அதற்கென்று சிறு நிதி கொடுப்பார்கள். சின்னவள் விட்டாளா? தையல் வேலை செய்யும் பெண்களுக்குக் கண் பரிசோதனை, தேவைப்பட்டவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி என்று எழுதிப் போட்டாள்.

நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களில் ஒருவர், "எதுக்கு இந்தத் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நான் அங்க வேலை பார்த்திருக்கேன் சார். நாற்பது வயசு தாண்டினவங்க தலையை எவ்வளவு பின்னாடி தள்ளி வெச்சுத் தைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். கழுத்து வலின்னு தைலம் தடவுவாங்க. வலி கழுத்துல, கோளாறு கண்ணுல."

நிதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. முதலில் இந்த ஒரு தொழிற்சாலையில் மூன்று நாள் முகாம். அதன் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிகளுக்கும், அதே தெருவில் உள்ள மற்ற நான்கு தொழிற்சாலைகளுக்கும் ஒப்புதல். தேவை இல்லை என்று தெரிந்தால் நிதி வேறொரு மாணவரின் திட்டத்துக்குப் போய்விடும். சின்னவள் இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். தேவை இல்லாமல் போவதாவது!

கூட்டுச் சேர்ந்த தொண்டு நிறுவனம், வேலைக்குப் போகும் பெண்களுக்கானது. அச்சகத்துக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு மின்விசிறி, ஒரு பொறுப்பாளர். அவருக்கு 'ரிப்போர்ட் சார்' என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. மழை பெய்தால்கூட எழுதி வைத்தார்களா என்று கேட்கிற மனிதர். ஆனால் தொழிற்சாலை முதலாளியிடம் நயமாகப் பேசி, சாப்பாட்டுக் கூடத்தை மூன்று நாளைக்கு வாங்கிக் கொடுத்தது அவர்தான். அந்த வித்தை சின்னவளுக்கு வராது.

முதல் நாள் காலையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது அக்கா. தொழிற்சாலையில் அவளுக்குக் 'காலர் அக்கா' என்று பெயர். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. புதிதாக வருகிறவர்களை அவளுக்குப் பக்கத்து மெஷினில்தான் உட்கார வைப்பார்கள்.

சின்னவள் அட்டையைக் கொடுத்தாள். அதில் எழுத்துகள் கிடையாது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஒரு குறி, வரிசை வரிசையாக. பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கீழே போகப் போகக் குறி பொடியாகிக்கொண்டே போகும். மேசை மேல் கிடந்த அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அக்கா கடைசி வரி வரைக்கும் மளமளவென்று சொன்னாள்.

சின்னவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு பார்வையா என்று 'நன்று' போட்டாள்.

அடுத்து வந்தவரும் நன்று. அதற்கடுத்தவரும் நன்று. பித்தான் வைக்கிற அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் அட்டையைச் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ, "மேல, வலது, வலது, கீழ, இடது" என்று பாட்டுப் பாடுகிற மாதிரி முடித்துவிட்டு, "போதுமா டாக்டரம்மா?" என்றார்.

"நான் டாக்டர் இல்லீங்க."

"எங்களுக்கு நீதாம்மா டாக்டர்."

இரண்டாம் நாள் மதியத்துக்குள் அறுபது பேர். அறுபதும் நன்று. ரிப்போர்ட் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? கழுகுக் கூட்டத்துக்கு முகாம் போட்டிருக்கோமா? இதை அப்படியே அனுப்பினா, 'ரொம்ப சந்தோஷம், இங்க யாருக்கும் எதுவும் தேவையில்லை'ன்னு நிதியை வேற பக்கம் திருப்பிடுவாங்க."

"எங்கயோ இடிக்குது சார். எங்கன்னுதான் தெரியலை."

"இடிக்குதுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா."

இடித்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு தம்ளர் தேநீர். ரிப்போர்ட் சாரின் முழங்கை பட்டு அது அட்டையின் மேல் கவிழ்ந்தது. சின்னவள் பையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்தாள். அதே குறிகள்தான், ஆனால் வரிசை வேறு. அடுத்து உட்கார்ந்த பெண், "மேல, வலது, வலது, கீழ, இடது" என்று கடகடவென ஆரம்பித்தாள். சின்னவள் அட்டையை எட்டிப் பார்த்தாள். அதில் முதல் குறி கீழே பார்த்தது. இரண்டாவது இடது. அந்தப் பெண்ணோ ஈரமான பழைய அட்டையைத்தான் கடைசி வரி வரைக்கும் பிசகில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் நான்கு பேரை உட்கார வைத்துப் பார்த்தாள். நான்கு பேரும் அதே பாட்டு. சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"யாருங்க உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? சூப்பர்வைசரா? கண்ணாடி போட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவேன்னு மிரட்டினாரா?"

"ஐயோ, அவர் பாவம்மா," என்றாள் கடைசியாக உட்கார்ந்த பெண். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க அக்காவையே கேட்டுக்குங்க."

மறுநாள் காலை, பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போனாள் சின்னவள். மாடியில் இரண்டு அறை வீடு. கதவு திறந்தே கிடந்தது. வேன் ஓட்டுகிற மாமா, வேலைக்குப் போகச் சட்டை போட்டுத் தயாராகி, ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு துணியில் ஏழெட்டு ஊசிகள், ஒவ்வொன்றிலும் நூல் தொங்கியது.

"என்ன மாமா, தொழிலை மாத்திட்டீங்களா?"

"தினம் ஒரு டஜன், உங்கக்கா உத்தரவு," என்றார் அவர் வெகுளியாக. "வீட்டுல வெச்சு ஓரம் அடிக்கிற துணிக்கு. ஒரு வருஷமா இதுதான். இதை முடிக்காம வண்டிச் சாவி என் கைக்கு வராது."

சமையலறை வாசலில் அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். மாமா சொன்னதெல்லாம் காதில் விழுந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"அட்டையை நீ எப்படிக்கா படிச்சே?" என்றாள் சின்னவள்.

"படிச்சேன்."

"அக்கா."

"முகாமுக்கு மூணு நாள் முன்னாடி இடம் பார்க்க வந்தப்போ நீ அதைச் சாப்பாட்டுக் கூடத்துல மேசை மேல வெச்சுட்டுப் போனே. பக்கத்து மெஷின் பொண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். அப்புறம் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். போதுமா?" அக்காவுக்குக் குரல் ஏறியது. "உன் பரீட்சைடி அது! எங்க ஆளுங்க எல்லாம் ஃபெயிலானா உனக்கு மார்க்கு எங்கேருந்து வரும்? அத்தனை பேரும் பாஸாகி உன் பேரைக் காப்பாத்தணும்னு ரெண்டு நாளா சாப்பிடற நேரத்துல உட்கார்ந்து ஒப்பிச்சோம். அந்தப் பித்தான் வைக்கிற அம்மாவுக்கு மண்டையில ஏத்துறதுக்குள்ள என் உயிரே போச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அறுபது பெண்கள், மங்கிய கண்களோடு, அவளுக்காக மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

"அது என் பரீட்சை இல்லைக்கா. யாருக்குத் தெரியலையோ அவங்களுக்குத்தான் கண்ணாடி. சரி, அவங்களுக்கு விஷயம் தெரியாது. ஒரு வருஷமா ஊசி கோக்க முடியலைங்கறதை நீ ஏன் என்கிட்ட மறைச்சே?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொன்னா என்ன பண்ணுவே? 'என்னைப் படிக்க வெக்கத்தானே உன் கண்ணு போச்சு'ன்னு ஒரே அழுகையா அழுவே. அப்புறம் யாரையும் கேட்காம மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து மெஷின்ல உட்காருவே. ஒரு தடவை செஞ்சவதானே? இன்னும் எட்டு மாசம். முடிச்சுட்டு வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். எனக்கு பயம்டி. வேற ஒண்ணும் இல்லை."

அக்கா பயம் என்ற வார்த்தையைச் சொல்லிச் சின்னவள் அதுவரை கேட்டதில்லை. பதில் சொன்னால் அழுதுவிடுவோம் என்று தெரிந்ததால் பையைத் திறந்தாள். மாதிரிக் கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து அக்காவின் மூக்கில் மாட்டினாள்.

"கண்ணு எங்கயும் போகலை. நாற்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கும் வரும். கிட்ட இருக்கிற ஏதாவது ஒண்ணைப் பாரு."

கிட்டத்தில் இருந்தது மாமாதான். அக்கா குனிந்து அவர் சட்டையைப் பார்த்தாள். காலரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"இந்தக் கண்றாவியைத் தைச்சது யாரு?"

மாமா ஊசியும் கையுமாக விழித்தார். "நீதான். போன மாசம்."

அக்கா காலரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். தையல் ஓரிடத்தில் விளிம்பை விட்டு உள்ளே ஓடி, ஓரிடத்தில் வெளியே வந்து, மூலையில் தப்பிப் போயிருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டா ஒரு மாசமா வேலைக்குப் போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்கு நல்லாத்தானே இருக்கு," என்றார் மாமா.

அக்கா கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தன் காலர்கள் சில திரும்பி வந்ததையும், அதற்காக மெஷினைத் திட்டியதையும், மெக்கானிக்கிடம் சண்டை போட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கியது. பிறகு மாமாவிடம், "கழட்டுங்க அதை, பிரிச்சுத் தைக்கணும்," என்றாள். சின்னவளிடம், "முகாமுக்கு நேரமாகலையா? நானும் வர்றேன்," என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அன்று மொத்தக் கூட்டமும் நின்றது. எல்லோருக்கும் மறுபடியும் பரிசோதனை என்று ரிப்போர்ட் சார் அறிவித்திருந்தார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலர் அக்கா நேராக வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, புது அட்டையைக் கண்ணாடி இல்லாமல் பிடித்தாள். முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ நல்லெண்ணத்தில், "வலது, வலது," என்று கிசுகிசுத்தார்கள்.

"சும்மா இருங்கடி," என்றாள் அக்கா. பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எனக்குத் தெரியலை," என்றாள்.

இருபத்து மூன்று வருடமாக அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் சந்தேகம் கேட்கிற ஆள் அவள்.

"எழுது," என்றாள் தங்கையிடம். "ஃபெயில்தானே?"

"ஃபெயில்தான்க்கா," என்று சின்னவள் எழுதினாள். பித்தான் வைக்கிற அம்மா, "நகரு, நகரு, எனக்கு முதல் வரியே தெரியலை," என்று வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.