சண்டையே இல்லாத கடைசிக் கதை

அந்த விண்கல மாலுமியின் கடைசிக் கதையில் சண்டை இல்லை. வெடிப்பு இல்லை. அவர் சாகவும் இல்லை. பன்னிரண்டு புத்தகங்களில் எரிகற்களிடமிருந்தும் கொள்ளைக்காரர்களிடமிருந்தும் தப்பித்த மனிதர், பதின்மூன்றாவதில் தன் பழைய சரக்குக் கலத்தை அடுத்து வருபவளிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிப் போகிறார். அவ்வளவுதான்.

பள்ளியில் படித்தபோது ஏமாற்றத்தில் எனக்கு அழுகையே வந்தது. தலைநகரின் புசா ரோட்டில் நான் படித்த தமிழ்ப் பள்ளியின் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகங்களை வரிசையாக எடுத்தவள், என் வகுப்பில் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான். படித்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லுவேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "உன் ஆளு இன்னிக்கு இன்னா பண்ணாரு?" என்று கேட்பார். கடைசிக் கதையை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

இப்போது குருகிராமில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அம்மா அங்கே கரோல் பாகில் ஒரு வயதான அம்மாளின் வீட்டில் பத்தொன்பது வருடமாக வீட்டுவேலை செய்துவந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிப் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதமாகியிருந்தது. வேலையை விட்டுவிடு என்று நானும் தினமும் சொல்லிப் பார்த்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாள் ஓடியது. ஒருநாள் கால் வீங்கி, பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது.

அப்போதுதான் அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அவ்வளவு பெரிய வீரரே ஒருநாள் இறங்கிப் போனார் என்று கேட்டால் அம்மா மனம் மாறுவார் என்று கணக்குப் போட்டேன். மறுபதிப்பு ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் வாய்விட்டுப் படித்தேன்.

படிக்கப் படிக்க மனம் மாறியது எனக்குத்தான். பக்கம் பக்கமாக அவர் அந்தப் புதியவளைக் கூட்டிக்கொண்டு கலத்தைச் சுற்றிவருகிறார். எந்தக் கதவை உதைத்தால் திறக்கும், எந்த மானியின் முள் பொய் சொல்லும், எஞ்சின் எந்தச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம் என்று காட்டுகிறார். தெரியும், தெரியும் என்று அவள் எரிச்சல்படுகிறாள். அவர் மறுபடியும் சொல்கிறார். தன் சாகசங்களில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்வதில்லை. பதின்மூன்று வயதில் இதெல்லாம் எனக்குச் சவசவவென்று இருந்தது. வாசகரின் கைதட்டல் வேண்டாம் என்று தீர்மானித்து எழுதியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தத் துணிச்சல் முந்தைய பன்னிரண்டு புத்தகங்களிலும் இல்லை.

முடித்ததும், "பாத்தியா, அவரே வுட்டுட்டாரு," என்றேன்.

அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வுட்டாரு. சொல்லிக் குடுத்துட்டு இல்ல வுட்டாரு? நீ நாளைக்கே நின்னுடுன்ற. அந்தம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது. காலை மாத்திரை எது, எந்த பர்னரு குப்புனு எரியும், இதெல்லாம் யாருக்குடி தெரியும்?"

எப்போது விடுவாய் என்றுதான் நான்கு மாதமாகக் கேட்டிருந்தேன். ஏன் விட முடியவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் தருகிறேன் என்று பேரம் பேசினேன்.

"ஒரு வாரத்துல சமையக்கட்டே முடியாது. உன் ஆளுக்கு எத்தினி நாளு?"

"பத்து."

"அப்ப எனக்கும் பத்து."

எங்கள் தெருவிலிருந்தே ஒரு பெண்ணை அழைத்துப் போனார். ஆட்டோவில்தான் போகவேண்டும், நாளுக்கு ஒருமுறைதான் படியேறவேண்டும் என்பது என் நிபந்தனை. ஒவ்வொரு நாளும் திரும்பிவந்து அவளைப் பற்றிக் குறை சொல்வார். குக்கர் விசிலை எண்ணுவதில்லையாம், பால்காரரை ஜல்தி ஜல்தி என்று விரட்டுகிறாளாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைகள் குறைந்தன. அவள் செய்த ராஜ்மாவை அந்த அம்மாள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று சொன்னபோது, அம்மாவின் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

பத்தாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அழைத்துவரப் போனேன். அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிவந்தார். ஆட்டோவில் உட்காரும்போது புதியவள் மேலே பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அக்கா, கண்ணு மருந்து எத்தினி மணிக்கு?"

அம்மா அண்ணாந்து பார்த்தார். பதில் அவர் வாய்வரை வந்ததை நான் கவனித்தேன்.

"உனக்குத் தெரியும். யோசி."

அவள் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நாலு," என்றாள்.

"அச்சா," என்ற அம்மா, ஆட்டோக்காரரிடம் திரும்பினார். "பையா, சலோ."