பங்குக்காரி

மொன்றியலில் புஷ்பராணிக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அது வருசத்தில் பாதி நாள் இருந்து தொலைக்கிறது. படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவர்களுக்குப் பனி அழகாகத்தான் இருக்கும். இருட்டு விலகாத விடியக்காலையில் செயின்ட்-மிஷேலிலிருந்து லாசாலுக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்கு அது அழகில்லை, கோதாரி. ஒக்ரோபரில் மேப்பிள் மரம் சிவக்கத் தொடங்கினால் ஊரெல்லாம் கமராவைத் தூக்கிக்கொண்டு அலையும். புஷ்பராணி பனிச் சப்பாத்தைத் தேடி எடுப்பாள். நொவெம்பர் முழுக்க ஜன்னலால் வானத்தைப் பார்ப்பதும், வாய்க்குள் திட்டுவதும், சோறு வடிப்பதுமாக அவளுக்குப் பொழுது போகும்.

வேலை, கார் சீற்றுக்கு உறை தைப்பது. நாலு வருசமாக அவளுடைய மெஷினில் ஓடுவது சாரதி சீற்றின் உறைதான். முதுகு சாயும் இடத்தில் ஓடும் இரட்டைத் தையல் அவள் கைத் தையல். அமெரிக்காவில் எத்தனையோ பேர் அந்தத் தையலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். தைக்கிறவளோ கணேசலிங்கம் அண்ணையின் வானில், கடைசி வரிசையில், முழங்கால் நாடியில் முட்ட இருந்து போவாள். அண்ணை அதே தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். தையல் பகுதியில் இருந்த ஐந்து தமிழ்ப் பெண்களையும் விடியவே ஏற்றிக்கொண்டு போவது அவருடைய வான்தான். முதல் மெத்ரோ ரயில் வெளிக்கிடும் நேரத்தில் இவர்கள் லாசாலை எட்டிப்பிடிக்க வேண்டும். ஆகவே அந்த வானை விட்டால் கதியில்லை.

புஷ்பராணியிடம் லைசென்ஸ் இருக்கிறது. பகிடி அதுதான். புருசன் உயிரோடு இருந்த காலத்தில் ஆசைப்பட்டு எடுத்தாள். முதல் பனிக்காலத்திலேயே மெத்ரோபொலிற்றன் பெருந்தெருவை விட்டு இறங்கும் வளைவில் ஐஸைக் கண்டு பிரேக்கை அமத்தினாள். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அவள் கதவைத் திறந்து இறங்கி, காரை அப்படியே பக்கத்தில் இருந்த புருசனிடம் விட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த லைசென்ஸ் தபால் கந்தோரில் பார்சல் எடுக்க மட்டும் உதவியது. புருசன் காலமான பிறகு காரையும் விற்றாள்.

இப்போது மகளும் கலியாணம் கட்டி ரொறொன்ரோவுக்குப் போய்விட்டாள். மிஞ்சியது வேலை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் ஷபனெல் தெருவில் கால்சட்டை தைத்தாள். அந்தத் தொழிற்சாலை பூட்டிப்போனது. பிறகு கையுறை தைத்தாள்; அதுவும் பூட்டு. இது மூன்றாவது. ஐம்பதைத் தாண்டியவளை நாலாவதாக எவன் கூப்பிட்டு வேலை தருவான்? "இதையும் பூட்டினாங்கள் எண்டால், பூட்டுக்கு உள்ளுக்கு நான் நிப்பன்" என்று வானுக்குள் ஒருநாள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அமெரிக்கன் எல்லையில் வரியைப் போட்டான். கார் செய்கிறவர்கள் கையைச் சுருக்க, சீற் உறைக்கு ஓடர் குறைந்தது. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற கதை கன்ரீனில் உலாவியது. குறைத்தால் கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே. புஷ்பராணியும், அவளுக்குப் பிறகு வந்து சேர்ந்த வினோஜாவும் அந்தக் கடைசி வாலில் இருந்தார்கள்.

ஒருநாள் மனேஜர் எல்லோரையும் கன்ரீனுக்குக் கூப்பிட்டார். அரசாங்கம் கைகொடுக்கிறது, "திராவாய் பர்தஜே" என்று ஒரு திட்டம் இருக்கிறது என்று வேகவேகமான பிரெஞ்சில் சொன்னார். ஒருவரையும் வேலையை விட்டு நிற்பாட்டுவதில்லை, இருக்கிற வேலையை எல்லோரும் பகிர்ந்து, ஆளுக்குக் குறைந்த நாள் செய்வது, குறைகிற நாளுக்கு அரசாங்கத்தின் வேலைக் காப்புறுதி கொஞ்சம் ஈடு கட்டும். ஆனால் தையல் பகுதியில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

தமிழ்ப் பெண்களுக்குள் பிரெஞ்சு ஓரளவு பிடிபட்டவள் புஷ்பராணிதான். மற்ற நாலு முகமும் அவளைப் பார்த்தன. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். பர்தஜே என்றால் பகிர்வது, பிரிப்பது. தமிழில் என்ன சொல்லலாம்? சட்டென்று அவள் வாயில் வந்தது ஒரே சொல்.

"பங்கு, பிள்ளையள்! எல்லாரும் பங்கு. அரசாங்கமும் எங்களோடை சேந்து ஒரு பங்கு போடுது. எல்லாரும் ஓமெண்டால்தான் சரிவரும்."

"எங்களுக்குமோ பங்கு?" வினோஜாவின் கண் விரிந்தது.

"ஓம், எல்லாருக்கும்தான். கையைத் தூக்குங்கோ!"

அப்படி ஒரு சந்தோசத்தோடு ஆட்குறைப்புக் காலத்தில் எவரும் கை தூக்கியிருக்க மாட்டார்கள். மனேஜரே கொஞ்சம் முழுசினார்.

விசயம் வெளித்தது டிசம்பர் தொடக்கத்தில், மனேஜர் புது நாட்களைச் சொன்னபோது. துணி வெட்டுகிறவர்களுக்குத் திங்கள், செவ்வாய், புதன். வெட்டினதைத் தைக்கிறவர்களுக்குப் புதன், வியாழன், வெள்ளி. வினோஜா மெஷினை நிற்பாட்டிவிட்டு நேரே வந்தாள்.

"ராணியக்கா, பங்குக்காரரை ஆராவது வீட்டிலை இருக்கச் சொல்லுவினமோ?"

"எந்தப் பங்குக்காரர்?"

"நாங்கள்தான்! கொம்பனியிலை எங்களுக்கும் பங்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அனுஜன் கேக்கும் வாங்கி வெட்டி, சிநேகிதர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார்!"

அனுஜன் அவளுடைய புருசன். அந்தக் கேக்கை நினைத்ததும் புஷ்பராணிக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. "ஐயோ என்ரை கடவுளே, நான் சொன்னது ஆட்டுப் பங்கடி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போனது. வினோஜாவின் முகம் கறுத்துவிட்டது.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. உங்கடை வேலையைக் காப்பாத்த எங்களைப் பேய்க்காட்டிப் போட்டியள். நான் தூக்கின கையை இறக்கிறன்."

மற்ற மூன்று பேரும் வினோஜாவின் பக்கம் போய் நின்றார்கள். புஷ்பராணிக்குப் பொறுக்கவில்லை. பேய்க்காட்டினாளாம், ஏமாற்றினாளாம்! இவ்வளவு காலம் ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்தவளைப் பார்த்துச் சொல்லுகிற சொல்லா அது? மெஷினுக்குத் திரும்பினாள்; நூல் கோக்கக் கண் தெரியவில்லை, தண்ணீர் கட்டிவிட்டது. கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஒரு கை இறங்கினாலும் திட்டம் கவிழும். பிறகு அவளும் வெளியே, இந்த வாயாடி வினோஜாவும் வெளியே. விட்டுவிடலாமா? விடுகிறதாவது!

அடுத்தநாள் சாப்பாட்டு நேரம் புஷ்பராணி ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியை மேசையில் கொண்டுவந்து வைத்தாள். கிடாயை நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து வாங்கி, ஈரலும் எலும்பும் எல்லாப் பைக்கும் சரிசமனாக விழும்படி பங்கு பிரித்து எடுக்கும் பழக்கத்தை யாழ்ப்பாணத்து ஆட்கள் இங்கே வந்தும் விடவில்லை. மொன்றியலுக்கு வெளியே பண்ணை பண்ணையாகத் தேடிப் போய் ஆடு பிடிக்கிறார்கள்.

"வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ. நான் சொன்ன பங்கு இதுதான்" என்றாள். "இந்தமுறை ஆடு மெலிஞ்சு போச்சு. இப்ப என்ன செய்யிறது? ரெண்டு வீட்டுக்காரரை வராதையுங்கோ எண்டு கலைச்சுப்போட்டு, மிச்ச ஆக்கள் வயிறு முட்டத் தின்னுறதோ? இல்லாட்டி எல்லாருக்கும் கொஞ்சம் குறைச்சுப் போடுறதோ? குறையிற இடத்திலை அரசாங்கம் ரெண்டு எலும்பு போடுது. அவ்வளவுதான் கதை. கலைக்கிறதெண்டால் முதல் என்னையும் உன்னையும்தான் கலைப்பாங்கள், வினோஜா. நான் பேய்க்காட்டேல்லை. அவசரத்திலை பிழையான சொல்லைச் சொல்லிப்போட்டன். அதுக்கு வேணுமெண்டால் ஏசு."

வினோஜா ஏசவில்லை. ஒரு துண்டு எடுத்துச் சப்பினாள். "உப்புக் காணாது" என்றாள். பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மேசைச் சூடு கொஞ்சம் தணிந்தது.

"சரி, ஆட்டுப் பங்கு விளங்குது. வியாழனும் வெள்ளியும் என்னண்டு வாறது? அண்ணைக்குப் புதனோடை வேலை முடியுது. அந்த நேரத்திலை இரவு பஸ்தான். ரெண்டு இடத்திலை இறங்கி, அந்த ஐஸ்காத்திலை நிண்டு… என்னாலை ஏலாது அக்கா. அதைவிட வேலையில்லாமல் வீட்டிலை இருக்கலாம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். சட்டி காலியாகிக்கொண்டிருந்தது, கை இறங்குவது மட்டும் நிற்கிறபாடாய் இல்லை.

அடுத்த மேசையிலிருந்து கணேசலிங்கம் திரும்பினார். "வானை வேணுமெண்டால் தாறன். ஓடுறதுக்கு ஆர் இருக்கினம்?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"அது பார்சல் எடுக்கிற லைசென்ஸ்!" என்று புஷ்பராணி அவசரமாகச் சொன்னாள்.

"பங்கெண்டால் எல்லாரும் போடோணும், அக்கா" என்றாள் வினோஜா. குரலில் கோபம் இல்லை. நேராகத்தான் கேட்டாள். "உங்கடை பங்கென்ன?"

புஷ்பராணிக்கு அந்த வளைவு கண்ணுக்கு முன்னால் வந்தது.  பூட்டிப்போன இரண்டு தொழிற்சாலைகளின் பூட்டுகளும்கூட வந்தன. சட்டியின் அடியை ஒருதரம் வழித்தாள்.

"ஓடுறன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடை திறக்க முதல், ஒரு பெரிய கடையின் வெறும் பார்க்கிங்கில் பழக்கம் தொடங்கியது. கணேசலிங்கம் வானுக்குள் ஏற மறுத்துவிட்டார். விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பாதுகாப்பாக நின்றுகொண்டு, "பிரேக்கை மிதியாதை தங்கச்சி! காலை எடு, காலை எடு!" என்று கத்தினார். வழுக்கும்போது கால் பிரேக்கைத் தேடி ஓடுவதும், அவள் அதை இழுத்து எடுப்பதும்தான் பாடம். கடை திறக்கும்போது அவளுடைய குதிக்கால் கொதித்தது. பிரேக்கில் ஏற மட்டும் மறந்திருந்தது.

புதன் பின்னேரம் அண்ணை வானின் திறப்பைக் கொடுத்தார். "புது வின்ரர் ரயர். ஒரு கீறல் விழக்கூடாது" என்றார். அன்றைக்கென்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு பனியைக் கொட்டியது.

வியாழன் விடியப் பார்த்தால், வானைக் காணவில்லை. தெருவைத் துப்புரவாக்கின லொறி பனி முழுவதையும் வழித்து அதன் மேல் அணை கட்டிவிட்டுப் போயிருந்தது. வீட்டில் பனி அள்ள இருந்தது ஒரே ஒரு சவள். மற்ற மூன்று பேரோடும் வினோஜா வந்தாள், கையில் ஒரு பெரிய தகரத் தட்டு.

"இதென்னடி?"

"கேக் வந்த தட்டு" என்றாள் வினோஜா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். தட்டைக் குத்திப் பனியை அள்ளத் தொடங்கினாள். ஐந்து பேரும் அறக்கப்பறக்க அள்ளி வானை வெளியே எடுத்தார்கள்.

புஷ்பராணி சாரதி சீற்றில் ஏறினாள். பெருந்தெருவில் பனி தள்ளுகிற லொறி ஒன்று மஞ்சள் விளக்கோடு ஊர்ந்தது. அதன் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள்.

"முந்துங்கோவன் அக்கா, நேரம் போகுது."

"வாயை மூடிக்கொண்டு இரு. இவர் எங்கை போறாரோ அங்கைதான் நானும்."

லொறிக்காரர் லாசாலுக்குப் போகவில்லை. இறங்கும் வளைவு வந்தபோது மஞ்சள் விளக்கு நேரே போய்விட்டது. முன்னால் வெறும் வெள்ளை. வளைவின் நடுவில் வானின் பின்பக்கம் மெல்ல வழுக்கி விலகியது. பின்னால் ஒருத்தி "முருகா" என்றாள், இன்னொருத்தி "மாதாவே" என்றாள். கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. "எடு!" என்று தன் காலைத் தானே அதட்டினாள். "எடடி காலை!" கால் நின்றது. ஸ்ரியறிங்கை வான் வழுக்கின பக்கமே கொஞ்சம் விட்டுப் பிடித்தாள். வான் ஒருதரம் உதறியது. பிறகு மூக்கை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்கு வந்தது.

ஒருவழியாகத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். பார்க்கிங் பாதிக்கு மேல் வெறுமை. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், புஷ்பராணி மட்டும் அப்படியே இருந்தாள்.

"இறங்குங்கோ அக்கா, பிந்திப்போச்சு."

"பொறு பிள்ளை. கை விடுகுதில்லை."

வினோஜா வானைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, ஸ்ரியறிங்கில் இறுகிப்போயிருந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தாள். எடுத்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். அப்போதுதான் புஷ்பராணிக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதாள்.

வாசலில் மனேஜர் நின்றிருந்தார். பாதிப்பேரைக் காணவில்லை, இந்தப் புயலுக்குள் நீங்கள் அத்தனை பேரும் எப்படி வந்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். புஷ்பராணி மொழிபெயர்க்க வாயெடுக்க முதல் வினோஜா முந்திக்கொண்டாள். கேக் வெட்டின அன்று அனுஜன் அவளுக்கு ஒரே ஒரு பிரெஞ்சு வசனம் பழக்கியிருந்தான், நாங்கள் பங்குதாரர் என்று சொல்ல.

"நூ, ஆக்ஸியொனேர்!" என்றாள், நெஞ்சில் கையை வைத்து.

மனேஜர் முழுசினார். ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் மெஷின்களில் இருந்தார்கள். புஷ்பராணியின் மேசையில் சாரதி சீற்றின் உறை காத்துக்கிடந்தது.

"நாளைக்கும் உங்கடை பங்கு இருக்கு, அக்கா" என்று வினோஜா பக்கத்து மெஷினிலிருந்து சொன்னாள்.

"தெரியும். தட்டை மறக்காமல் கொண்டு வா" என்றாள் புஷ்பராணி. முதுகு சாயும் இடத்தை ஊசிக்குக் கீழே வைத்து மெஷினை மிதித்தாள்.