சீனக் கசாயத்துக்குப் பத்தியம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில் மில்லிக்கன் பக்கம் போனால், அந்தச் சீன மருந்துக் கடை இருந்த பிளாசாவை இன்றும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன். தொண்ணூறுகளில் அம்மாவின் தலையிடிக்கு அங்கேதான் மருந்து வாங்கினோம். பிரஷர் குளிசையை அவர் ஒழுங்காகத்தான் போட்டார். தலையிடி மட்டும் விட்டபாடில்லை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று கடைசியில் சீனரிடம் போனோம்.

மருந்துக்காரர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார். பிறகு தாளில் ஒவ்வொன்றாகக் கொட்டினார்: காய்ந்த கிழங்குச் சீவல், தூண்டில் முள் மாதிரி வளைந்த சுள்ளி, உடைத்த சிப்பி. சிப்பியை முதலில் போட்டு அவிக்க வேண்டும், சுள்ளியைக் கடைசியில். அவருடைய மகள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்ல, அம்மாவின் முகம் மலர்ந்தது. சுண்டக் காய்ச்சுகிற மருந்தென்றால் அவருக்கு அரைவாசி நம்பிக்கை வந்துவிடும். மீதிக்குப் பத்தியம் வேண்டும்.

“என்ன பத்தியம் எண்டு கேள், பிள்ளை.”

உப்பைக் குறைக்க வேண்டும், கோபமும் கவலையும் கூடாது என்றார் மருந்துக்காரர்.

“உப்பை விடலாம். கவலையைக் கொண்டுபோய் எங்கை விடுறது?”

என் தம்பி அப்போது வன்னியில். கடிதமும் இல்லை, போனும் இல்லை. பின்னேரத் தமிழ் வானொலியில் குண்டு விழுந்த இடங்களையும் செத்தவர்களின் பெயர்களையும் வாசிப்பார்கள். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

“மாமி, மருந்து முடியுமட்டும் உந்த ரேடியோவும் பத்தியம்தான்,” என்று, எதற்கும் வழி வைத்திருக்கிற என் கணவர் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

அம்மாவுக்குப் பத்தியம் என்றால் பத்தியம். வீடு முழுக்கக் கசாய வாசம். முதலில் மூக்கைப் பொத்தினேன். போகப்போக அதுவே பிடித்துப்போனது. தலையிடியும் குறைந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒருநாள் பின்னேரம் கோப்பையை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை.

“ரேடியோவை எடு.”

“இப்பதானேயம்மா தலையிடி விட்டது?”

“ஓம், விட்டிட்டுது. அவங்கள் வாசிக்கிற பேரிலை அவன்ரை பேர் இல்லையெண்டா, அண்டைக்கு அவன் உயிரோடை இருக்கிறான். எனக்கு வாற கடிதம் அதுதான். அதையெல்லோ பூட்டி வைச்சிருக்கிறியள்.”

கணவர்தான் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்தார். மூன்று பேரும் இருந்து கேட்டோம். பெயர்கள் முடிந்தன. தம்பியின் பெயர் வரவில்லை.

அம்மா கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.