பூனை விளையாட்டும் என் ஒன்பது லட்சமும்

பொறாமைப்பட்டேன். சுற்றி வளைப்பானேன்?

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். ஆபீஸ் விட்டு டாக்குரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும், பிரவுசரிலேயே ஆடக்கூடிய பழைய பாணி கேம்கள் செய்ய உட்கார்ந்துவிடுவேன். கட்டம் கட்டமான படம், நாலே நிறம், கீச்சென்று ஒரு சத்தம். ஜாதவ்பூரில் என்னோடு படித்த வங்காளி நண்பனுக்கும் இதே பைத்தியம்.

எட்டு மாதம் உழைத்து நான் ஒரு ஷன்டிங் கேம் செய்தேன். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் அப்பா முப்பது வருஷம் பார்த்த வேலை அது. வேகன்களைப் பிரித்துச் சரியான லைனில் சேர்க்க வேண்டும். பாயின்ட், சிக்னல் எல்லாம் அச்சு அசல். அப்பா ஒரு தடவை ஆடிவிட்டு, "நன்னா இருக்குடா" என்று எழுந்து போனார். அவர் இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்பதற்காகவே மேலும் இரண்டு லைன் சேர்த்தேன். உட்காரவில்லை.

நண்பன் பத்தே நாளில் ஒன்று செய்தான். மீன் கடையில் பூனை மீன் திருடும், அவ்வளவுதான். என் ஆபீஸிலேயே அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவிடம் அதைத் திறந்து காட்டி, "இதெல்லாம் ஒரு கேமா?" என்று கரித்துக்கொட்டினேன்.

மாதங்கள் போயும் எரிச்சல் அடங்கவில்லை. அவனுடைய ப்ரோகிராமைத் திறந்து குற்றம் தேடினேன். கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர், எல்லோரும் பார்க்கும் பட்டியலுக்கு அட்ரஸ் பார் வழியாகவே போயிற்று. அந்த எண்ணை மாற்றி என்டர் தட்டினால் போதும். ஒன்பது லட்சம் போட்டேன். இனி எவனும் முதலிடம் பிடிக்க முடியாது, அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பு. பட்டியலைக்கூடப் பார்க்காமல் மூடிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால், அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்தார். திரையில் பூனை. ஜன்மத்தில் மீனைத் தொடாத மனுஷர்.

"நாலு மாசமா நான்தான்டா ஃபர்ஸ்ட். எந்தக் கடங்காரனோ ஒன்பது லட்சம் போட்டிருக்கான். எப்படிடா முடியும்?"

பட்டியலில் பெயருக்கு மூன்றெழுத்துதான் இடம். இரண்டாவது வரியில் எஸ்ஆர்சி என்று இருந்தது. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு ரயில்வே வைத்த மூன்றெழுத்து.

"என் கேம் பிடிக்கலையாப்பா?"

"அது வேலைடா. ரிட்டயர் ஆனவன் திரும்ப யார்டுக்குப் போவானா?"

அடுத்த இரண்டு நாளும் மத்தியானத் தூக்கம்கூட இல்லாமல் ஆடினார். தாங்காமல் நண்பனுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். "ஆரே, நீயா?" என்று சிரித்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த வரியை உடனே எடுத்துவிட்டான். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் அப்பா காபியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"திருட்டு ஸ்கோரைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டான்டா உன் ஃப்ரெண்ட். கெட்டிக்காரப் பையன். அவன்கிட்டக் கொஞ்சம் கத்துக்கோயேன்."

வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. "சரிப்பா" என்றேன்.