பத்தொன்பது திருகாணிகளும் ஒரு மெல்லிசுக் கண்ணாடியும்

பேகம்பூர் பழைய பித்தளைக் கடை ஜெய்தூன் பீவிக்குப் பூட்டுக்காரர் சூசை பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பெண்டாட்டி ஆனந்தமேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது. அவள் பிழைக்கவில்லை, கடன் நின்றது. பீவி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததாலேயே சூசையால் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட முடியவில்லை. பித்தளை வாங்கும் சாக்கில் முப்பது வருஷமாகச் செத்த நேரம் உட்கார்ந்து பேச அவருக்கிருந்த ஒரே இடம் அதுதான். இரண்டு வருஷமாக அதுவும் இல்லை.

சூசை லேசுப்பட்ட ஆளில்லை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவர்தான். ஆனால் அவர் செய்த பூட்டை வேறொரு சாவி திறந்ததாகத் திண்டுக்கல்லில் பேச்சே கிடையாது. இல்லையென்பவன் பூட்டோடு வரட்டும்!

1999-ல் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாலதி டீச்சர் தேடி வந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர்.

"வானத்துக்கு அனுப்புற டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி கனமா இருந்தா ராக்கெட் தூக்காதுங்க. மெல்லிசாக்கினா அப்பளமாட்டம் நெளிஞ்சு உருவம் கெட்டுரும். பின்னாலிருந்து பத்தொன்பது திருகாணி தள்ளியும் இழுத்தும் நெளிவ எடுக்கணும். மேல போனா மோட்டார் திருகும். இப்பச் சோதனைக்குக் கையாலதானுங்க."

அந்தப் பத்தொன்பதையும் செய்துகொடுக்கப் பேசிய கூலி பதினாலாயிரம். ஆளில்லாத பட்டறையில் மூன்று மாசம் தன்னந்தனியாக மரை போட்டு அனுப்பினார். பத்தாம் நாள் பக்கத்து டீக்கடைக்கு டீச்சரின் போன் வந்தது.

"ஐயா, பாதி திருகாணி இறுகிப்போச்சுங்க. காலேஜ் ஆபீஸ்ல பணம் தரமாட்டேங்குறாங்க."

"கழட்டினீங்களா?"

"ஆமாங்க, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவி மாட்டினோங்க."

சூசை தலையில் அடித்துக்கொண்டார். பூட்டுக்காரர் புத்தி! ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் நட்டுக்கு மட்டும் சேரும்படி அரத்தால் ராவியிருந்தார். ஒன்றின் நட்டில் இன்னொன்று ஏறாது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மறுநாளே போனார். திருகாணிகளை மேஜையில் பரப்பி, கண்ணை மூடி மரையைத் தடவித் தடவிச் சோடி சேர்த்தார்.

"கைரேகை பாக்குறாப்ல இருக்குங்களே!" என்றார் டீச்சர்.

"பெத்தவனுக்குப் பிள்ளையத் தெரியாதாம்மா?"

எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி விளக்கைப் போட்டதும், நெளிவு இருந்த இடமெல்லாம் கோணல்மாணலாக நிழல். டீச்சர் சொல்லச் சொல்லக் கால் திருகு, அரைக்கால் திருகு. பொழுது சாயும்போது நிழல் ஒரே சீராகப் பரவியது. கல்லூரிக்காரர்கள் எல்லாரும் இங்கிலீஷில் சிரித்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள். சூசை சுவரோரம் நின்றார். இதை வீட்டில் போய் யாரிடம் சொல்வது? பூட்டிய கதவிடமா?

அடுத்த வாரம் பணம் கைக்கு வந்ததும் நேரே பேகம்பூருக்கு நடந்தார்.

"யாரு, சூசையண்ணனா? வழி தெரிஞ்சுச்சாக்கும்!"

"வானத்துக்குப் போற கண்ணாடிக்கே நெளிவெடுத்துட்டு வாரேன் தங்கச்சி."

"அம்புட்டு உசரம் எட்டுது, இந்த முக்கு திரும்ப முடியல. காச யாரு கேட்டா?"

"நீ கேக்க மாட்ட. அதான் வரல. கைய நீட்டு."

பீவி தராசை ஒதுக்கிவிட்டு முக்காலியை அவர் பக்கம் தள்ளி, கையை நீட்டினார். சூசை உட்கார்ந்தார். எச்சில் தொட்டு, அவசரமில்லாமல், நூற்றிருபது நூறு ரூபாய் நோட்டையும் ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.